கூண்டுக்குள்ளே ஒரு கல்யாணம்



தானா ராத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மூத்த மகன் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்புறம் நான்கைந்து ஜோடி லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறான். குஞ்சுகளை விற்று வரும் காசு தங்கையின் பள்ளிச் செலவுக்கு உதவுகிறது. இப்போது பறவை வாங்க வரும் ஒருவர், "இரண்டு வேறு வகையை ஒரே கூண்டில் போட்டுப் பார். யாரிடமும் இல்லாத நிறத்தில் குஞ்சு வரும். நல்ல வெள்ளிக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். பையனுக்கு ஆசை வந்துவிட்டது. தாயாருக்கு மனசு ஒப்பவில்லை. "வாயில்லா ஜீவனை வைத்து இப்படிச் செய்யலாமா? நான் படிக்காதவள், சொன்னால் அவன் சிரிக்கிறான்" என்று எழுதியிருக்கிறார்.

கிளி பேசும் பறவைதான். ஆனாலும் அந்தத் தாயார் சொன்ன சொல் சரியே. யாரோடு குடித்தனம் நடத்துவது என்ற விஷயத்தில், எவ்வளவு பேசும் கிளிக்கும் கூண்டுக்குள் வாய் கிடையாது. நாம் யாரைக் கொண்டுவந்து உள்ளே விடுகிறோமோ அதுதான் அதற்குத் துணை. ஆகவே அதற்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்வோம். நம்மில் பலர் பட்ஜி என்ற சின்னக் கிளியையும் லவ்பேர்ட்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பட்ஜி ஆஸ்திரேலியா நாட்டுப் பறவை. உண்மையான லவ்பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவையும் அதன் பக்கத்துத் தீவான மடகாஸ்கரையும் சேர்ந்தது. அதில் 9 இனங்கள் உண்டு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்ப்பவை இரண்டு. ஒன்று பீச்பேஸ், முகம் ரோஜா நிறம், அலகு வெளிறியது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்காது. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பூமிதான் அதன் சொந்த இடம். மற்றது பிஷர், சிவப்பு அலகு, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல வெள்ளை வளையம். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டுப் பறவை. 1980-களில் அதை அங்கே காட்டில் வலை போட்டுப் பிடித்து மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள்.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் வீடு கட்டும் வழக்கம் வேறு. பீச்பேஸ் பெட்டை, காகிதத்தையோ ஓலையையோ அலகால் நீளவாக்கில் நறுக்கும். நறுக்கிய துண்டுகளை முதுகுக்குக் கீழே இடுப்புச் சிறகுகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகிக்கொள்ளும். ஐந்தாறு சேர்ந்ததும் பறந்து போய்க் கூட்டில் போடும். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற நம் பெண்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஷருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நறுக்கிய துண்டை அலகிலே கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொண்டு போகும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சு என்ன செய்யும்? இதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் வில்லியம் டில்கர் என்பவர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். தாம் கண்டதை 1962-ல் கட்டுரையாக எழுதினார். பறவைகளின் குணத்தைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பேசும் கட்டுரை அது.

கலப்புக் குஞ்சு வளர்ந்து கூடு கட்டும் வயதுக்கு வந்தது. காகிதத்தை நறுக்கியது. பீச்பேஸ் மாதிரி கழுத்தைத் திருப்பி இடுப்பில் செருகப் பார்த்தது. செருகத் தெரியவில்லை. செருகிய துண்டை அலகிலிருந்து விடாமல் திரும்பவும் இழுத்துக்கொண்டது. சில சமயம் செருகாமலே விட்டுவிட்டது. துண்டு கீழே விழுந்தது. மறுபடி நறுக்கியது, மறுபடி செருகியது, மறுபடி விழுந்தது. ஏதோ ஒரு முறை அலகில் கவ்வியபடி பறந்தபோதுதான் துண்டு கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கவ்விக்கொண்டு போனால்தான் காரியம் நடக்கும் என்று அது பழகிக்கொள்ளச் சில வருஷங்கள் ஆயின. பழகிய பிறகும், பறப்பதற்கு முன்னால் ஒரு தடவை இடுப்புப் பக்கம் கழுத்தைத் திருப்பும் வழக்கம் முழுக்கப் போகவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கூடு கட்டியும் பலன் என்ன? அந்தக் கலப்புப் பறவைகள் மலடு. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கிற கோவேறு கழுதை போல.

வாசகர்களே, இந்த ஒரு கதையில் நம் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. நிறத்தை மட்டும் கலக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். சிறகின் நிறத்தோடு, கூடு கட்டுவது, துணையை அழைப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் ரத்தத்தில் சேர்ந்து வருகிறது. தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று என்று இரண்டும் வந்து முட்டிக்கொண்டால், நடுவில் நின்று தவிப்பது அந்தக் குஞ்சு. வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து விலை பேசிவிட்டுப் போய்விடுவார். தவிப்பை அவர் பார்க்க மாட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'கலப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களில் சிலருக்கு வேறு நினைப்பு வரும். லயத்தில் ஒரு பையனும் பெண்ணும் சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டால், "கிளிகூட இனத்தோடுதான் சேரும்" என்று பழமொழி சொல்லக் கிளம்புகிறவர்கள் உண்டு. தயவு செய்து இந்தக் கட்டுரையை அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீச்பேஸும் பிஷரும் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்து, வேறு வேறு பூமியில் வேறு வேறு வழக்கத்தோடு வாழ்ந்த இரண்டு இனங்கள். மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம். சாதி நாம் போட்ட வேலி. ரத்தத்தில் அது கிடையாது. அதோடு, அந்தப் பையனும் பெண்ணும் தாமே மனம் ஒப்பிச் சேர்கிறார்கள். கூண்டுப் பறவைக்கு அந்த உரிமையை நாம் கொடுக்கவே இல்லை.

அடுத்து ஒரு நியாயமான கேள்வி வரும். "ரப்பரில் கலந்தோம், தேயிலையில் கலந்தோம், அதனால்தானே தோட்டம் பிழைத்தது?" என்று பழைய தோட்டத்து ஆட்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பேர்போன ரப்பர் கன்று இரண்டு நல்ல மரங்களைக் கலந்து எடுத்ததே. அஸ்ஸாம் தேயிலையையும் சீனத் தேயிலையையும் கலந்திருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: அந்த இரண்டு ரப்பர் மரங்களும் ஒரே இனம், அஸ்ஸாமும் சீனமும் தேயிலை என்ற ஒரே இனத்தின் இரண்டு வகை. அதைவிட முக்கியம், மரத்துக்குக் கூடு கட்டும் ஆசை கிடையாது. ஏமாந்து தவிக்க அதற்கு மனசு கிடையாது. பறவைக்கு உண்டு.

கலப்பெல்லாம் மலடாகவோ நோயாளியாகவோ பிறக்கும் என்றும் சொல்ல முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மக்காவ் என்கிற பெரிய பஞ்சவர்ணக்கிளியில், நீலமும் மஞ்சளுமாக இருப்பதையும் செக்கச் செவேலென்று இருப்பதையும் சேர்த்து, 'கேட்டலினா' என்று பேர் வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகாக, நல்ல ஆரோக்கியமாகவே வளருகிறது. முட்டையும் பொரிக்கிறது. காட்டிலேகூட, தன் இனத்துத் துணை கிடைக்காதபோது பறவை வேறு இனத்தோடு சேர்வது உண்டு. பிரேசில் நாட்டில் 'ஸ்பிக்ஸ்' என்ற நீலக்கிளியில் காட்டில் கடைசியாக ஒரே ஓர் ஆண் மிஞ்சியிருந்ததை 1990-ல் கண்டுபிடித்தார்கள். அது தன் இனத்தில் பெட்டை இல்லாமல், வேறு இனத்துப் பெட்டையோடு ஜோடி சேர்ந்து வாழ்ந்து வந்தது. அவை முட்டையிட்டும் குடும்பம் பெருகவில்லை. 2000-ம் வருஷம் அந்த ஆணும் கண்ணில் படாமல் போய்விட்டது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த இனத்தில் சில பறவைகள் ஏற்கெனவே கூண்டுகளில் இருந்தன. அவற்றை வேறு எதனோடும் கலக்காமல், எது எதன் குஞ்சு என்று கணக்கு எழுதி வைத்துப் பெருக்கினார்கள். 2022 ஜூன் மாதம் 8 பறவைகளை அவற்றின் சொந்தக் காட்டில் திறந்துவிட்டார்கள். அந்தக் கூண்டுகளில் யாராவது அழகுக்காகக் கலந்து வைத்திருந்தால், திறந்துவிட எதுவுமே இருந்திருக்காது.

"எங்கள் லயத்துக் கூண்டிலிருந்து யார் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போகிறார்கள்?" என்று அந்தப் பையன் கேட்கலாம். நியாயம். நம் கூண்டுப் பறவையை யாரும் காட்டுக்குக் கேட்டு வரப் போவதில்லை. ஆனால் விற்கிற குஞ்சு எங்கெங்கோ கைமாறிப் போகிறது. 'சன் கொனூர்' என்ற மஞ்சள் கிளியைப் பாருங்கள். காட்டில் அது மிகவும் குறைந்துபோய், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. அதை 'ஜெண்டே' என்ற உறவுக்கிளியோடு கலந்தால் குஞ்சு பார்க்க சன் கொனூர் போலவே இருக்கும். அதற்கும் குஞ்சு பிறக்கும். நாலு கை மாறினால் எது சுத்தம், எது கலப்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. கலந்ததை மறைத்து, சுத்தமான ஜோடி என்று விற்பது பாலில் தண்ணீர் கலந்து விற்பதைப் போன்றதுதான். பால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். இது பரம்பரையாகப் போகும்.

கூண்டு திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் நினைக்க வேண்டும். கென்யா நாட்டில் நைவாஷா என்ற ஏரிக்கரையில், கூண்டிலிருந்து வெளியேறிய இரண்டு இன லவ்பேர்ட்ஸ் ஒன்றோடொன்று கலந்து இன்று கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. சிங்கப்பூரில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட சிவப்பு மார்புக் கிளிகள், அங்கேயே பிறந்து வளர்ந்த நீளவால் கிளிகளோடு மரப்பொந்துக்குப் போட்டி போடுகின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளில் நடந்தது இன்னும் வருத்தமானது. மனிதர்கள் காட்டை அழித்ததால் இரண்டு இனக் கிளிகள் நெருங்கிக் கலந்துவிட்டன. அபூர்வமான இனத்தைக் காப்பாற்ற, கலப்புக் கிளிகளை அரசாங்கத்து ஆட்களே கொன்று குறைக்க வேண்டி வந்தது. தப்பு செய்தது மனிதன். உயிரைக் கொடுத்தது கிளி.

இனி நம் மலைக்கு வருவோம். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரிக் குளிர் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிரில் இருக்கும் பெட்டைக்கு முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகம். அடைத்துக்கொண்டால் ஒரு நாளிலேயே உயிர் போய்விடலாம். பொருந்தாத ஜோடி முட்டை மேல் முட்டையாக இட்டும் ஒன்றும் பொரிக்காமல் போகலாம். கூடு நிறையவில்லையே என்று பெட்டை மறுபடியும் இடும். ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பகுதி அதன் எலும்பிலிருந்து போகிறது. புது நிறம் வரும் என்று காத்திருக்கும் பையன் இலவு காத்த கிளியாவான். உண்மைக் கிளியோ கூண்டுக்குள்ளே இளைத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பையன் என்ன செய்யலாம்? புது நிறத்தின் மேல் ஆசை வைப்பது குற்றமில்லை. அதற்கு இனம் மாற்றத் தேவையே இல்லை. பீச்பேஸ் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே பச்சை, மஞ்சள், நீலச் சாயல் என்று எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஜோடி போட்டால் அது கலப்பினம் ஆகாது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று மாநிறம், ஒன்று சிவப்பு என்பது போல. ஆனால் நிறத்துக்காகக் கூடப் பிறந்தவற்றையே திரும்பத் திரும்ப ஜோடி சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் குஞ்சுகள் வரவரப் பலவீனமாகும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். எந்த ஜோடி, என்று முட்டையிட்டது, எத்தனை பொரித்தது, யாருக்கு விற்றது என்று எழுதட்டும். குஞ்சு சின்னதாக இருக்கும்போதே காலில் எண் போட்ட வளையம் மாட்டட்டும். வாங்க வருகிறவரிடம் நோட்டைக் காட்டி விற்கட்டும். நேர்மையாக விற்கிறவன் என்ற பேர் கிடைத்தால் அதுவே நல்ல விலை.

கூண்டைக் காற்று அடிக்காத பக்கமாக வைத்து, ராத்திரியில் சாக்கோ போர்வையோ போட்டு மூடட்டும். கணவாய் ஓடு எப்போதும் உள்ளே தொங்கட்டும். வருஷத்தில் இரண்டு முறை குஞ்சு எடுத்ததும் கூட்டுப் பெட்டியைக் கழற்றிப் பெட்டைக்கு ஓய்வு கொடுக்கட்டும். கீரையோ காய்கறியோ கொடுத்தால் நன்றாகக் கழுவிக் கொடுக்கட்டும். மலையில் மருந்து அடிப்பது நமக்குத் தெரியும். அவகாடோ பழம் கிளிக்கு விஷம், தவறியும் வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் நாட்டுக் காட்டுக் கிளிகளான பாயான், செரிண்டிட் போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-ன் கீழ் வருகின்றன. அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். எந்தப் பறவைக்கு என்ன உரிமம் வேண்டும் என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிட்டு வளர்ப்பதே நல்லது. "கலப்புக்குச் சட்டம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அண்மைய 4 தலைமுறைக்குள் பட்டியலில் உள்ள பறவையின் ரத்தம் இருந்தால் கலப்புக்கும் அதே கட்டுப்பாடுதான். தமிழ்நாட்டிலும் 1972-ம் வருஷச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி சோதிடரையே வனத்துறை அதற்காகப் பிடித்தது. அதே வருஷம், வெளிநாட்டுக் கிளிகளை வளர்க்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்று இந்திய அரசாங்கம் விதி கொண்டுவந்தது.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். அம்மா, படிக்காதவள் என்று உங்களைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள். உங்கள் மனசுக்குத் தோன்றியதைத்தான் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து பார்த்தவரும் கண்டார். பையனைத் திட்டவும் வேண்டாம். தங்கையின் படிப்புக்காக உழைக்கிற பிள்ளை அவன். அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அந்த ஆள் சொன்ன குஞ்சு பிறந்து, அவர் வாங்க வராமல் போனால், அது சாகிற வரைக்கும் நீ வைத்துக் காப்பாற்றுவாயா?" லவ்பேர்ட்ஸ் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருஷம் இருக்கும். மக்காவ் 50 வருஷத்துக்கு மேலும் இருக்கும். வாங்கியவர் போனபிறகும் இருக்கும். ஓர் உயிரைப் பிறப்பிக்கிறவன் அதன் கடைசி நாள் வரைக்கும் பொறுப்பாளி. "ஆம்" என்று அவனால் சொல்ல முடியாவிட்டால் ஜோடியைச் சேர்க்க வேண்டாம்.

ஒருவேளை ஏற்கெனவே கலப்புக் குஞ்சு பிறந்திருந்தால்? அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மற்றக் குஞ்சுகளைப் போலவே அதற்கும் தீனி, துணை, அன்பு எல்லாம் கொடுங்கள். திறந்து காட்டில் விட்டுவிடாதீர்கள். காட்டுக்கும் அது நல்லதில்லை, குஞ்சுக்கும் நல்லதில்லை. விற்பதானால் கலப்பு என்று சொல்லி விற்கச் சொல்லுங்கள். அதைக் கொண்டு மேலும் குஞ்சு எடுக்காமல் இருந்தால் போதும்.

நல்ல பெண்ணாகப் பார்த்து, பொருத்தம் விசாரித்து, இரண்டு குடும்பமும் மனம் ஒப்பிக் கல்யாணம் செய்து வைக்கிற சனங்கள் நாம். கூண்டுக்குள்ளே ஒரு ஜோடியைச் சேர்க்கும்போதும் அந்தக் கவலையில் கால்வாசியாவது படலாமே. விலை பேசுகிறவர் இன்றைக்கு வருவார், நாளைக்குப் போவார். கூட்டுக்குள் குஞ்சுக்கு ஊட்டப் போவது அந்த இரண்டு பறவைகள்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.